மரியகுழந்தை வாங்கிய துரை மாடல் கூலிங் கிளாஸ்

கோலார் தங்கவயலில் கிழிந்த சட்டையோடு ஒருவன் தெருவில் போனால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். புதுச் சட்டை போட்டால், "இன்னாப்பா விசேஷம்?" என்பார்கள். பளபளவென்று எதையாவது மாட்டிக்கொண்டு போனால் மட்டும் கேள்வியே கிடையாது. பதிலை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். காலுக்குக் கீழே தங்கம் இருக்கிற ஊர். மேலே மினுக்குகிற எதற்கும் அந்த ஒரே விளக்கம்தான்.

இங்கேயே பிறந்து வளர்ந்த மரியகுழந்தைக்கு இது தெரியாததல்ல. தெரிந்ததால்தான் மாட்டிக்கொண்டார்.

பெயர்தான் குழந்தை. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, பாறை ஆள் தலையில் விழாதபடி கட்டை முட்டுக் கொடுக்கிற வேலையில் பாதி ஆயுள் போயிற்று. சூரியனை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில் பார்ப்பார். அதுவும் கோயில் வாசல் வரைக்கும்தான். பிறகு இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கீழே இறங்கக் கூடாது என்றார்கள். இரக்கப்பட்டு மேலேயே ஒரு வேலையும் கொடுத்தார்கள். மரக்கட்டை யார்டில் வேலை. லாரியில் வந்து இறங்குகிற ஒவ்வொரு கட்டையின் முகப்பிலும் பெயிண்டால் அளவு எழுதியிருக்கும். அதை வாசித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், கிளார்க் எழுதிக்கொள்வார். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்று கம்பெனி கொடுத்த லைன் வீடுகள் முழுக்கப் பொறாமைப்பட்டன.

யார்டுக்குக் கூரை கிடையாது. பின்னால் சயனைடு மேடு. தங்கத்தை உறிஞ்சிக்கொண்டு துப்பிய மணல், மலை மாதிரிக் குவிந்து கிடந்து, வாங்கிய வெயிலை வட்டியோடு திருப்பி அடிக்கும். இருட்டுக்குப் பழகிப்போன மரியகுழந்தையின் கண்கள் காலை பத்து மணிக்கெல்லாம் தெருக்குழாய் மாதிரி ஒழுக ஆரம்பித்துவிடும். ஆறு எட்டாகத் தெரிந்தது. மூன்றும் எட்டாகத் தெரிந்தது. ஒரு தடவை குட்டைக் கட்டை ஒன்று நெட்டைக் கட்டை என்ற பேரில் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கிப்போய், மேல்பாறையைத் தொட முடியாமல், நாலு பேர் திட்டோடு திரும்ப மேலே வந்து சேர்ந்தது.

யார்டு மேஸ்திரி தங்கவேலு நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள்தானே கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருகிறார்கள்.

"இன்னா மரியண்ணே, கட்டைக்குக் கட்டை அழுதுகினு இருந்தா எப்படி? மழை ஆரம்பிக்கிற வரைக்கும் பாப்பாங்களாம். அப்பால வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். வூடுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். லைன் வூட்டு சாவியும் கேட்டு வாங்கிக்குவாங்க."

கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுக்கவில்லை. "கண்ணுல ஒண்ணும் இல்ல. வெயிலாலதான் எல்லாம். கூலிங் கிளாஸ் போடு. நல்லதாப் போடு. மட்டமானது போட்டா, போடாததை விட மோசம்" என்றார்.

மாதா கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு கறுப்புக் கண்ணாடியை மரியகுழந்தை ஏற்கெனவே ஒரு வாரம் மாட்டிப் பார்த்திருந்தார். உலகம் இருண்டது, கண்ணீர் நிற்கவில்லை, தலைவலி புதிதாகச் சேர்ந்தது. ஆகவே நல்லதுக்கும் மட்டத்துக்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய ஒரே இடத்துக்குப் போனார். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் துளசிராமன் கடை. குடை, கடிகாரச் சங்கிலி, மூக்குக்கண்ணாடி என்று உடம்பில் தொங்குவது எல்லாம் அங்கே கிடைக்கும்.

"வாங்க மாமா, குந்துங்க" என்று துளசிராமன் மூன்று கண்ணாடிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மரியகுழந்தை முதல் கண்ணாடியை எடுத்தார். போட்டுப் பார்க்கவில்லை. காதோரம் வைத்து நகத்தால் தட்டினார். கீழே பாறையைக் கடப்பாரையால் தட்டி, ஓசை கெட்டியாக வந்தால் நிற்பார்கள், பொத்தென்று வந்தால் ஓடுவார்கள். ஆயுள் முழுக்கத் தட்டியே பிழைத்தவர், கண்ணுக்கு வாங்குவதையும் காதால்தான் வாங்கினார்.

"இது பொத்துன்னு கீது."

"அது செல்லுலாய்டு, மாமா. கண்ணாடியே இல்ல. கல்யாண மாப்பிளைங்களுக்கு வெச்சிருக்கேன். ஒரு நாளைக்குத் தாங்கும், அவங்களுக்கு அது போதும்."

இரண்டாவது நல்ல ஓசை கொடுத்தது. துளசிராமன் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகக் கடைக் கதவின் நிலையைப் பார்க்கச் சொன்னார். "இப்போ கண்ணாடிய லேசா ஆட்டுங்க. நிலை நேரா நிக்குதா, நெளியுதா?"

நெளிந்தது.

"அப்ப தலை வலிக்கும். வேணாம்."

வியாபாரி தன் சரக்கைத் தானே வேண்டாம் என்றால் மூன்றாவது சரக்கு விலை ஜாஸ்தி என்று அர்த்தம். மூன்றாவது துரை மாடல். அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சுரங்கத் துரைமார்கள் குதிரைமேல் போகும்போது போட்டிருந்த அச்சு; கண்ணீர்த்துளி வடிவத்தில், பச்சைக் கண்ணாடியில், மெல்லிய கம்பிச் சட்டத்தில். துரைமார்கள் கப்பலேறிவிட்டார்கள், மாடல் மட்டும் பெங்களூரில் புதிதாகச் செய்யப்பட்டு ஆண்டர்சன்பேட்டைக்கு வந்திருந்தது. தட்டினால் கோயில் மணி. ஆட்டினால் நிலை அசையவில்லை. கன்னத்தில் வைத்தால் சில்லென்றது. மரியகுழந்தை அதை மாட்டிக்கொண்டு நட்ட நடு மத்தியானத்தில் பஜார் தெருவில் இறங்கி நின்றார். எதிர்க்கடைப் பலகையில் இருந்த எழுத்து, எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. மூன்று மூன்றாகவே இருந்தது.

ஒரே ஒரு குறை. சட்டம் தங்க நிறத்தில் இருந்தது.

"இதே கண்ணாடி கறுப்புச் சட்டத்துல கெடைக்காதா தம்பி?"

"இன்னா மாமா இது! ஊரு பூரா தங்க கலர் கேக்குது, நீங்க கறுப்பு கேக்குறீங்க. மேல சொம்மா தங்க முலாம். வேர்வை பட்டாலும் துரு ஏறாது. எடுத்துகினு போங்க."

எடுத்துக்கொண்டு போனார். ஒரு நாள் முழுக்க யார்டில் ஒரு கட்டைகூடத் தப்பவில்லை. தங்கவேலு மேஸ்திரி, "அண்ணே, துரையாட்டம் கீறீங்க" என்று சலாம் வைத்தார். மனைவி பாக்கியவதிக்கு, குடும்பத்துக்குப் பெரிய கண்டம் ஒன்று தாண்டிவிட்டது என்று நிம்மதி. அந்த நிம்மதியில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அதை மாட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அது அவள் செய்த ஒரே தப்பு.

பூசை முடிந்து வெளியே வந்ததும், பழைய ஷிப்ட் கூட்டாளி ஜெயகரன் அவரைப் பார்த்தான். பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி கேட்டான்:

"இன்னா மாமே, எந்த லெவல்ல கெடச்சுது?"

லெவல் என்றால் சுரங்கத்துக்குள் ஆழத்துக்கு ஆழம் வெட்டிய தளம். எல்லோரும் சிரித்தார்கள். மரியகுழந்தையும் சிரித்தார். அந்த ஊரில் இந்தக் கேள்விக்குச் சிரிக்காமல் இருப்பது ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் எதிரே வந்தவர்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். தங்கக் கல்லை வாயில் அடக்கிக்கொண்டு வந்தவன், குதிகாலில் கட்டி ஒட்டிக்கொண்டு வந்தவன் என்று பிடிபட்டவர்கள் கதையெல்லாம் தெரிந்தவர். அவர்கள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியதையும் பார்த்தவர். சிரிப்பு சாயங்காலத்துக்குள் கம்பெனிக் காவல் ஆபீஸ் வரைக்கும் நடந்து போய்விடும் என்பது அவர் கணக்கு.

"கழட்டி வெச்சிடுங்க" என்றாள் பாக்கியவதி.

"கழட்டுனா வேலை போவும்."

"அப்ப போட்டுக்குங்க."

"போட்டா மானம் போவும்."

அவள் அரிசி புடைக்கப் போய்விட்டாள். ஆகவே மரியகுழந்தை தானாகவே யோசித்தார். உதவிக்கு ஆள் இல்லாமல் யோசிப்பதில் உள்ள ஆபத்து, யோசனை முடிந்ததும் அது நல்ல யோசனையாகவே தெரியும். மறுநாள் யார்டில், கட்டைகளுக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டில் ஒரு குச்சியை நனைத்து, சட்டம் முழுக்கப் பூசிக் காயவைத்தார். தங்கம் போன இடம் தெரியவில்லை. நிம்மதியாக அதை மாட்டிக்கொண்டு ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தார்.

கேட்டில் சோதனை போடுகிற காவல் அதிகாரி ஆர்தர். குரூரமான ஆள் இல்லை. குரூரமானவராக இருந்தால் ஏதாவது வாங்கிக்கொண்டு விட்டிருப்பார். இவர் நேர்மையானவர்.

"காலைல உள்ள போனப்ப இந்தக் கண்ணாடி மஞ்சளா இருந்துச்சே, மரியகுழந்தை?"

"ஆமாங்க சார்."

"வெளிய வரும்போது கறுப்பா இருக்கு."

"பெயிண்ட் அடிச்சேன் சார்."

ஆர்தர் பேனாக்கத்தியால் காதுக்கம்பியில் ஒரு கீறு கீறினார். கறுப்புக்குள்ளிருந்து தங்கம் பல்லைக் காட்டியது. சுரங்க கேட்டில் அதைவிட அசிங்கமான சிரிப்பு வேறு இல்லை.

"தங்கம் இல்லாததுக்கு ஏன்யா பெயிண்ட் அடிச்சே?"

"தங்கம்னு நெனச்சிடுவாங்கன்னுதான் சார்."

"நான் நெனைக்கிறேனே இப்போ."

பதில் நியாயமாக இருந்தது. "அப்புறம் இன்னொண்ணு. சட்டம் உன்னுதாவே இருக்கட்டும். பெயிண்ட் கம்பெனியுது" என்று ஆர்தர் அதையும் தனியாக எழுதிக்கொண்டார்.

விசாரணை முறைப்படி நடந்தது. இந்தக் கதையில் முறை தவறி நடந்தது ஒன்றுமே இல்லை. கவனித்துப் பார்த்தால் அதுதான் கஷ்டம். முதலில் ஆர்தர் துளசிராமன் கடைக்குப் போனார். அப்போது சர்க்காரின் தங்கக் கட்டுப்பாடு வந்த புதிது. லைசென்ஸ் இல்லாமல் தங்கம் விற்றான் என்று பேச்சு வந்தாலே கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஆர்தரின் தொப்பியைப் பார்த்ததும் துளசிராமன் எழுந்து நின்றார்.

"தங்கமா? என் கடையிலயா? ஒரு பொட்டு கெடையாது சார். நான் வித்தது வெறும் பித்தளை. எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்."

முலாமைப் பற்றி அவர் சொல்லவில்லை. ஆர்தர் கேட்கவும் இல்லை. பிறகு சட்டம் சோதனைச் சாலைக்குப் போயிற்று. அங்கே சுரண்டி, காய்ச்சி, அமிலம் விட்டுப் பார்த்து ஒரு சீட்டு அனுப்பினார்கள்: தங்கம் உண்டு, நிறுத்துச் சொல்ல முடியாத அளவு.

ஆர்தர் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரியகுழந்தையைக் கூப்பிட்டார்.

"கடையில வித்தப்ப தங்கம் இல்லைன்னு கடைக்காரன் சொல்றான். இப்ப தங்கம் இருக்குன்னு சீட்டு சொல்லுது. நடுவுல அது உன் மூக்கு மேலதான் இருந்துச்சு. நீ எங்க வேலை செய்றே?"

"தங்கச் சுரங்கத்துல சார்."

"நானா ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லு."

கடைக்காரர்தான் முலாம் என்று சொன்னார் என்றார் மரியகுழந்தை; அதைக் கடைக்காரனே வந்து சொல்லட்டும் என்றார் ஆர்தர். பாக்கியவதி ஆண்டர்சன்பேட்டைக்கே போய்த் துளசிராமனைக் கெஞ்சினாள். "நீங்க முலாம்னு சொன்னீங்களாமே, அத மட்டும் வந்து சொல்லிடுங்க தம்பி."

"சொல்லணும்தான் அக்கா. சொன்னா கடை போயிடும். எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது" என்று அவர் நிஜமாகவே கண்கலங்கினார். அழுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் அவள் திரும்பிவிட்டாள்.

மேலே வழக்குப் போடலாம் என்றால் நிறுக்க முடியாத தங்கத்துக்கு வழக்கு நிற்காது. விட்டுவிடலாம் என்றால் தங்கம் உண்டு என்று எழுத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஆர்தர் ஒரு தீர்ப்புக் கண்டுபிடித்தார். "விசாரணை முடியற வரைக்கும் சட்டம் இங்க இருக்கட்டும். கண்ணாடியில தங்கம் இல்ல. அத நீ எடுத்துகினு போ."

பச்சைக் கண்ணாடி இரண்டையும் கழற்றி, தாளில் மடித்துக் கையில் கொடுத்தார். அதற்கு மரியகுழந்தை நன்றியும் சொன்னார்.

வீட்டில் பாக்கியவதி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பியில் கட்டலாம் என்றால், லைன் வீட்டில் கிடக்கிற கம்பி எல்லாமே ஏதோ ஒரு வகையில் கம்பெனிக் கம்பி. கடைசியில் தன் பழைய பாவாடை நாடாவை எடுத்து, பழைய காக்கித் துணியில் இரண்டு ஓட்டை போட்டு, கண்ணாடிகளை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தாள். தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு அவர் யார்டுக்குப் போனார். ஜட்கா வண்டிக் குதிரை மாதிரி இருக்கிறது என்று கிளார்க்கும், அந்தக் குதிரைக்காவது சவாரி கிடைக்கும் என்று தங்கவேலுவும் சொன்னார்கள். ஆனால் மூன்று மூன்றாகத் தெரிந்தது, ஆறு ஆறாகத் தெரிந்தது. மழை வந்தது. வேலை போகவில்லை. லைன் வீட்டுச் சாவி பாக்கியவதி இடுப்பிலேயே இருந்தது.

விசாரணை மட்டும் முடியவில்லை. பிடித்துவைத்த சாமான்கள் மாறிப்போகாமல் இருக்கின்றனவா என்று காவல் ஆபீஸில் மாதாமாதம் சரிபார்ப்பார்கள். சொந்தக்காரர் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்பது விதி. மரியகுழந்தை போவார். ஆபீஸுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள். காக்கித் துணியை அவிழ்க்கச் சொல்வார்கள். கண்ணாடி இல்லாத வெறும் சட்டத்தை அவர் முகத்தில் மாட்டி, பொருந்துகிறதா என்று ஆர்தர் முன்னாலும் பக்கவாட்டிலும் பார்ப்பார். கறுப்புப் பெயிண்ட் அநேகமாக உதிர்ந்துவிட்டது. சட்டம் நன்றாகவே மினுக்கும்.

"உன்னுதுதானே?"

"என்னுதுதான் சார்."

சயனைடு மேட்டிலிருந்து வெயில் நேராக அடிக்கும். இரண்டு வெறும் வளையத்துக்குள்ளிருந்தும் கண்ணீர் கன்னத்தில் இறங்கும்.

"அழாதேய்யா. சீக்கிரம் முடிச்சிடலாம்" என்பார் ஆர்தர். அவருக்கு நிஜமாகவே மனசு கேட்காது.

"அழலீங்க சார். வெயில்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று ஆர்தர் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.