ரப்பர் செடிக்குத் தண்ணீர்

டெய்லரக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். எங்கே சுற்றிவிட்டு வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் கூடத்து ஜன்னலோரம் நிற்கும் ரப்பர் செடியிடம்தான் போவார். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பார். "கட்டினவ ஒருத்தி இங்க இருக்கேன்," என்று அவள் சீண்டினால், "நீ கோவிச்சுக்கிட்டாலும் சோறு போடுவ. இது வாடிப்போயிடும்," என்பார்.

பக்கவாதம் அவர் பேச்சையும் வலப்பக்கத்தையும் கொண்டுபோனது. தலையசைக்கவும் முடியவில்லை. இடது கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. அவருக்குக் கூடத்திலேயே கட்டில் போட்டாள். அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்தக் கை எழுந்து ஆடும். இன்னும் ஊற்றச் சொல்கிறார் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுவாள். பாவம், அவர் ஆசையாய் வளர்த்த செடியாயிற்றே!

இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றினாள். அண்ணனைப் பார்க்க வந்த நாத்தனார் செடியைத் தொட்டுப் பார்த்தாள், கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்துக் கூழாகி நாறியது.

"ஐயோ அண்ணி, மண்ணு காஞ்ச பிறகுதானே இதுக்குத் தண்ணி விடணும்! அண்ணன் சொன்னதில்லையா?"

டெய்லரக்கா கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"என்னங்க, ஊத்தாதேன்னா சொன்னீங்க?"

அவர் கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது.

சோறு ஊட்டும்போதும் அந்தக் கை ஆடும். போர்த்திவிடும்போதும் ஆடும். மத்தியானம் குழைத்த சோற்றுக் கிண்ணத்தோடு வந்தவள், ஊட்டவும் துணியாமல், திரும்பிப் போகவும் முடியாமல், கட்டிலருகே அப்படியே நின்றாள்.