அரிகிருஷ்ணன் எடுத்த ரீடிங்

‘உங்கள் கணக்கில் ஏற்கெனவே அதிகமானோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு முயற்சி செய்யவும்.’

டி.வி.யில் இந்த வாசகம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பணம் கட்டுகிறவனை வாசலில் நிற்க வைக்க இவர்கள் யார்? அரிகிருஷ்ணனுக்கு மட்டும் அதைப் படித்தால் சந்தோஷம். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாரும் வந்துட்டாங்கப்பா” என்பார். பணம் கட்டியவர் அவர்தான். ஒரு நேரத்தில் இரண்டு வீட்டில்தான் படம் ஓடும் என்ற அந்த ஓ.டி.டி. சந்தாவில் மூன்று வீட்டாருக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, நான்காவது ஆளாகத் தான் வெளியே உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று வீட்டில் ஒன்று என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் யோக்கியன் இல்லை.

ரெட்டியார்பாளையத்தில் அவர் மாடியில், நான் கீழ்வீட்டில். நான்கு வருஷம் அப்படி இருந்தோம். பிறகு நான் லாஸ்பேட்டைக்குக் குடிபோனேன், பாஸ்வேர்டும் என்னோடு வந்துவிட்டது. அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது இருக்கும். மனைவி கமலவேணி இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் ஆனால் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது, “வந்துட்டியா கலை” என்பார். என் பெயர் கலைவாணன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் ஒரு மணி நேரமாக அங்கே உட்கார்ந்திருந்தார் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் மின்துறையில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். பாதி டவுன் அவர் கால் பட்ட இடம். ஒரு வீட்டு மீட்டரைப் பார்த்தாலே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். “ஜூலை ஆச்சுன்னா ஃபிரான்ஸ்லருந்து புள்ளைங்க வந்துடும். ஏ.சி.யெல்லாம் ஓடும், மீட்டர் பறக்கும். செப்டம்பர்ல போனா ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். அவ்ளோதான். ஒரு ஃபேன் ஓடுற வீடு எவ்ளோ இருக்கு தெரியுமா டவுன்ல?” என்று ஒருமுறை கேட்டார். நான் ஏதோ போனைப் பார்த்தபடி ‘உம்’ கொட்டினேன்.

இன்னொன்றும் சொல்வார். ஆள் இல்லாத வீடானால் புத்தகத்தில் ‘பூட்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும், அதோடு வேலை முடிந்தது. இவர் போக மாட்டார். “மூணு தடவ பூட்டுன்னா பக்கத்து வூட்ல கேட்டுடுவேன். அது டூட்டி கெடயாது. ஆனா கேப்பேன்.”

ஓய்வுபெற்ற பணத்தில் பெரிய டி.வி. ஒன்று வாங்கினார். பொருத்த வந்தவன் இந்தச் சந்தாவையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஐந்து பேர் பெயர் எழுத இடம் இருந்தது. இவர் பெயர் ஒன்று மட்டும் ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு ‘கலை’ என்று ஒரு கட்டம் போட்டார். தூமா வீதியில் ஜொசியான் என்று ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர். மகன் ஃபாபிரிஸ் பிரான்சில் இருக்கிறான், அம்மா இங்கே தனி. இருபது வருஷம் அவர் வீட்டு மீட்டரை எடுத்த பழக்கத்தில் அவருக்கு ஒரு கட்டம். கூட வேலை பார்த்த லைன்மேன் கொளஞ்சிக்கு ஒன்று. ஐந்தாவது கட்டம் கடைசி வரை காலியாகவே இருந்தது.

அந்தச் சந்தாவில் ஒரு தொல்லை. வேறு வீட்டு டி.வி. என்று தெரிந்தால் அடிக்கடி வெளியே தள்ளிவிடும். திரும்ப உள்ளே போக நாலு இலக்க ஓ.டி.பி. வேண்டும். அது அரிகிருஷ்ணன் போனுக்குத்தான் வரும். ஆக, மூன்று வீட்டாரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவரைக் கூப்பிட்டாக வேண்டும். “அண்ணா, ஓ.டி.பி. வந்துச்சா?” இதுதான் நாங்கள் அவரிடம் பேசிய பேச்சு. நலமா என்று கேட்டவர்கள் யாரும் இல்லை.

அவர் அந்த நாலு எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னதே கிடையாது. “ஏழு... எழுதிக்கிட்டியா? மழ பெஞ்சுதா அங்க?” அடுத்த எண்ணுக்குள் என் மகள் அபியின் பள்ளிக்கூடம் வரும். மூன்றாவது எண்ணுக்கு முன் சாம்பார் என்ன என்று கேட்பார். ஒருமுறை பேசிப் பேசியே நேரம் கடந்துபோய் அந்த எண் செல்லாமல் போய்விட்டது. நான் பல்லைக் கடித்தேன். அவர், “பரவால்ல, இன்னொண்ணு வரவை, நான் இங்கதான் இருக்கேன்” என்றார்.

போன ஜூனில் என் வீட்டில் ஒன்று நடந்தது. விவரம் வேண்டாம், தப்பு பெரும்பாலும் என்னுடையது. என் மனைவி அபியைக் கூட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில், லீவுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்தால் விளக்குப் போடத் தோன்றாது. டி.வி. பக்கம் போகவே மாட்டேன். அபி தினமும் சாயங்காலம் ஒரு முயல் பொம்மைப் படம் பார்ப்பாள். அந்த டி.வி.யைப் போட்டால் முதலில் அந்த முயல்தான் வந்து நிற்கும்.

அந்த வாரத்தில்தான் அரிகிருஷ்ணனின் போன் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏழரை.

“கலை, ஓ.டி.பி. ஒண்ணு வந்துச்சு. நீ கேட்டியா?”

“இல்லணா.”

“அப்ப யாரா இருக்கும்? சரி வுடு. சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

“என்னா?”

“தோசைணா. வெச்சுடறேன்.”

மறுநாளும் அதே ஏழரை, அதே ஓ.டி.பி. ஒரு வாரம் பொறுத்தேன், இரண்டு வாரம் பொறுத்தேன். ஆளுக்கு வயசாகிவிட்டது, போனில் வருவதைப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் எடுக்கவே மாட்டேன். எட்டு மணிக்கு மறுபடி அடிக்கும்.

ஜூலை கடைசியில் அந்தக் கம்பெனி ஒரு புது விதி போட்டது. இனி ஒரே வீட்டில் இருக்கிறவர்கள்தான் பார்க்கலாம், வெளியாட்களை வைத்துக்கொள்ள வேண்டுமானால் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் பதினைந்தாம் தேதியோடு அவர்கள் பெயர் போய்விடும். கட்டுவது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை, பென்ஷன் வருகிறது, செலவுக்கு ஆள் இல்லை. ஆனாலும் கேட்காமல் கட்டக் கூடாது என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். வச்சிக்கவா, நிறுத்திடவா?

ஜொசியான், “வேணாம் அரி. ஃபாபிரிஸ் எனக்குன்னு தனியா ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டான். மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றியும் சொல்லிவிட்டார். கொளஞ்சிக்குப் போன் ரீசார்ஜோடு சும்மாவே வருகிறதாம். “இத்தினி நாள் ஓசில பாத்ததே பெருசு, உன்ன எதுக்கு இன்னும் கஷ்டப்படுத்தறது” என்றானாம். இரண்டு பேரும் நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார். நான் கடையில் இருந்தேன். அன்று காலைதான் என் மனைவியின் அண்ணன் போன் செய்து, வக்கீலைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தான். எதிரில் ஒரு வாடிக்கையாளர் குளியலறை டைல்ஸில் எது வழுக்காது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“கலை, நீ ஒரு ஆளு இருந்தாக்கூட வச்சிப்பேன்” என்றார் அரிகிருஷ்ணன். “யாருமே இல்லாம நான் மட்டும் வச்சிக்கினு என்னா பண்ணப் போறேன்? நீ சொல்லு.”

“நிறுத்தித் தொலைங்கணா” என்றேன். “தெனம் ஏழரை மணிக்கு ஓ.டி.பி., ஓ.டி.பி.ன்னு. எனக்கும் ஒரு தொல்லை வுடும்.”

“சரிப்பா” என்றார். வாடிக்கையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்றைக்கு ஏழரைக்குப் போன் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் ஏழரைக்கு நான் போனை எடுத்து, சத்தம் குறைத்து வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். அந்த நேரத்தில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல் உலகத்தில் அந்த ஒன்றுதான் இருந்தது. அதையும் நானே துரத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேலேயே வந்தது. நான் நிறுத்தச் சொன்னது சந்தாவைத்தானே, போனை யார் நிறுத்தச் சொன்னது?

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெட்டியார்பாளையம் போனேன். சும்மா போக வெட்கமாக இருந்தது. அவரிடம் என்றைக்கோ வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் இருந்த டெஸ்டர் ஒன்று கிடந்தது, அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

அவர் இளைத்திருந்தார். “வந்துட்டியா கலை” என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல. டி.வி.யின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார்.

“நிறுத்திட்டீங்களாணா?”

“நீதான சொன்ன. நிறுத்திட்டேன். இரு, டீ போடறேன்.”

அவர் அடுப்படிக்குப் போனதும் நான் அந்த அறையைப் பார்த்தேன். ஒரு நாற்காலி, ஒரு கட்டில், கமலவேணி அக்காவின் படம், ஓடுகிற ஒரு ஃபேன். டி.வி. பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பழைய புத்தகம், ஆபீஸில் ரீடிங் எழுதுகிற மாதிரி. அடுத்தவர் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாதுதான். பிரித்தேன்.

இடது ஓரம் தேதி. பிறகு நாலு பத்தி. அரி, ஜொசி, கொளஞ்சி, கலை. தினமும் சாயங்காலம் ஒவ்வொருவர் கட்டத்துக்குள்ளும் போய், யார் என்ன பார்த்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று எடுத்து எழுதியிருக்கிறார். ‘ஜொசி – சமையல், இருபது நிமிஷம், தூங்கிட்டாங்க போல.’ ‘கொளஞ்சி – சண்டைப் படம், முழுசு.’ ‘கலை – முயல், ரெண்டு தடவை. புள்ளைக்கு லீவு.’ மூன்று வருஷத்து எழுத்து, ஒரு நாள் விடாமல். எங்கள் மூன்று குடும்பத்தோடும் அவர் குடித்தனம் நடத்தியிருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியாது.

ஜூன் ஒன்பதாம் தேதியிலிருந்து என் பத்தியில் ‘பூட்டு’ என்று இருந்தது. பத்தில் பூட்டு. பதினொன்றில் பூட்டு. பன்னிரண்டில், ‘பூட்டு. பேசினேன். தோசை.’ அதற்குப் பிறகு தினமும் அப்படியே. ‘பூட்டு. பேசினேன். சாப்பிடலைன்னு நெனைக்கறேன்.’ ‘பூட்டு. பேசினேன். குரல் சரியில்ல.’ ‘பூட்டு. எடுக்கலை. எட்டு மணிக்கு எடுத்தான்.’ கடைசி வரி ஆகஸ்டு பன்னிரண்டு. ‘நிறுத்தச் சொன்னான்.’ அதற்குக் கீழே வெறும் கோடுதான்.

டீயோடு வந்தவர் என் கையில் புத்தகத்தைப் பார்த்தார். பிடுங்கவில்லை.

“அந்த ஓ.டி.பி.யெல்லாம் நெஜமா வந்துச்சாணா?”

“வரலப்பா.”

“அப்புறம் ஏன்?”

“முயல் நின்னு போச்சே” என்றார். “மூணு நாள் பூட்டுன்னா கேக்கணும்ல.”

“நேரா கேட்டிருக்கலாமே.”

“வூடு ஏன் பூட்டிக் கெடக்குதுன்னு வூட்டுக்காரனையேவா கேக்கறது?”

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், முதல் பத்தியில் ‘அரி’ என்ற பெயருக்குக் கீழே ஒரு எழுத்து இல்லை. மூன்று வருஷமும் வெள்ளையாகக் கிடந்தது.

“உங்களுத ஏன் எழுதல?”

“அவங்கவங்க வூட்டு மீட்டர அவங்கவங்க எடுக்கறது கெடயாது கலை. எங்க செக்ஷன்ல அப்டி ஒரு பழக்கம். வேற ஆளுதான் வந்து எடுக்கணும்.” ஆபீஸ் நடைமுறையைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். “டீயக் குடி, ஆறிடப் போவுது.”

டீயைக் குடித்தபடி, அபியும் அவள் அம்மாவும் போய்விட்டதைச் சொன்னேன். டெஸ்டரைக் கொடுக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஏழரைக்கு நான் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எங்களுக்குள் பழகின பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணா, ஓ.டி.பி. வந்துச்சா?”

மறுமுனையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சந்தா இல்லை, கட்டங்கள் இல்லை, ஓ.டி.பி. எங்கிருந்து வரும்? அது அவருக்கும் தெரியும்.

“வந்துச்சுப்பா” என்றார். “எழுதிக்கிறியா?”

“சொல்லுங்கணா.”

“நாலு. பாப்பா பேசுச்சா?”

“நேத்து பேசுச்சுணா. அவங்கம்மா பேசல.”

“பேசுவாங்க. ரெண்டு. வெளக்கப் போட்டியா?”

எழுந்து போய் விளக்கைப் போட்டேன். “போட்டுட்டேன்” என்றேன். அடுத்த எண்ணை அவர் சொல்வதற்கு முன், “நீங்க சாப்ட்டீங்களாணா?” என்று கேட்டேன்.

“கஞ்சி வச்சேன்” என்றார். “பாதிதான் போச்சு.”

கையில் கிடைத்த டைல்ஸ் பில்லைத் திருப்பி, அந்த நாலுக்கும் ரெண்டுக்கும் கீழே தேதி போட்டு எழுதினேன். அரி – கஞ்சி, பாதி.