பிக்கப் வண்டிக்குக் கம்பி போட்ட கதை

சந்தை நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் நிறுத்திய என் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் என்னைக் கேட்டு ஏறியதில்லை. ஆளுக்கொரு புளி மூட்டை, மூட்டைக்கு மேல் அதன் சொந்தக்காரர், இரண்டையும் சேர்த்தே மரத்திலிருந்து உலுக்கிப் போட்ட மாதிரி. நான் வாயில் நுரையோடு நிற்பதைப் பார்த்து, "இன்னும் கெளம்பலியா?" என்று என்னைக் கேட்பார்கள். முதல் தடவை எனக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. வேறு யாருடைய வண்டியையோ கொண்டுவந்து நிறுத்திவிட்டோமோ என்று முன்பக்கம் போய் நம்பரைப் படித்துவிட்டுத்தான் வாயைக் கொப்பளித்தேன்.

இலங்கையில் தேயிலைக் கொழுந்து மலைகளில் இன்னும் இருக்கிற உங்களுக்கும், கப்பலேறி வந்து கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் சிதறிக் கிடக்கிற உங்களுக்கும் இது எவ்வளவு விசித்திரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் நான் லாரி ஓட்டிய காலத்தில், லாரி தொரையுடையது, கொழுந்து தொரையுடையது, சாக்குகூட தொரையுடையது. கொழுந்துச் சாக்குகளைத் தொட்டியின் இரண்டு பக்கமும் ஓடும் கம்பிகளில் கொழுவித் தொங்கவிடுவோம். கொழுந்து நசுங்காமல் ஃபேக்டரி போய்ச் சேரும். பறித்தவர்கள் மலையில் நிற்பார்கள், கொழுந்து தனியாகப் பயணம் போகும். சரக்கோடு ஆள் போவது என்பது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. இங்கே ஜவ்வாது மலையில் சரக்கு தனியாகப் போவது என்பது வழக்கத்தில் இல்லை. இது எனக்குப் புரிய ஒரு புளிப் பருவமே கிட்டத்தட்ட முடிந்துபோனது.

நான் இந்த மலைக்கு வந்ததே ஒரு குழப்பத்தால்தான். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு, நான் இந்தியன் என்று எனக்குத் தெரிவித்தன. தெரிவித்தது நல்லதுதான், அதுவரை நான் அட்டன்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டபம் முகாமில், "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். அப்பா அடிக்கடி சொல்லும் பேரைச் சொன்னேன்: கலசப்பாக்கம் பக்கம். அங்கே போய் இறங்கினால், என் தாத்தா பேரைக் கேட்டு ஊரே மரியாதையாக யோசித்தது. தண்ணீர் கொடுத்தார்கள். நாங்கள் எப்போது கிளம்புவோம் என்பதையும் மரியாதையாகவே யோசித்தார்கள். மேலே பார்த்தேன், மலை தெரிந்தது. மலையில் குளிரும், குளிர்கிற இடத்தில் நமக்குப் பிழைக்கத் தெரியும் என்று ஏறி வந்துவிட்டோம். மறுவாழ்வுக் கடனில் ஒரு பழைய ஜீப் கிடைத்தது. அதன் பின்பக்கத்தை வெட்டி யாரோ இரும்புத் தொட்டி வைத்திருந்தார்கள். ஆக, வண்டியும் என்னைப் போலவே, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. என் மனைவி செல்வமணி மட்டும் ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தாள். அவளுடைய அண்ணன் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். "அங்க போனா தெரிஞ்ச வேல, தெரிஞ்ச சனம். இங்க நமக்கு என்னாங்க இருக்கு?" என்பாள். வண்டி இருக்கிறது என்பேன். வண்டி ஓடுகிற வரைக்கும்தான் அந்தப் பதில் ஓடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அமிர்தி காட்டுக்கு இறங்கும் மண் ரோட்டில் ஒரு வளைவு உண்டு. அதில் ஒரு நாள் திரும்பியபோது வண்டி திடீரென்று லேசானது. கண்ணாடியில் பார்த்தால், வெள்ளையன் என்கிற பெரியவரும் அவருடைய மூட்டையும் தொட்டியில் இல்லை. பின்பலகை திறந்து தொங்குகிறது. நான் பிரேக்கை மிதித்து இறங்கினேன். ஜெயில், தூக்கு, என் பிணத்தை எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்பது வரை நினைத்து முடித்துவிட்டேன். வெள்ளையன் புதரிலிருந்து எழுந்து, வேட்டியில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினார்.

"அடிபட்டுதாங்க?" என்றேன்.

"மூட்டைக்கா? இல்லியே," என்றார். "நீ எதுக்கு அழுவுற? ஓட்டு."

அன்றே முடிவு செய்தேன். தோட்டத்து லாரியில் இருந்த மாதிரி தொட்டியின் இரண்டு பக்கமும் கம்பி போட்டு, மூட்டைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுவது. கண்ணமங்கலத்து இரும்புக்கடையில் போய் தண்ணீர்க் குழாய் பைப் இரண்டு நீளமும், போல்ட்டு நட்டு வாஷரும் கேட்டேன்.

"மலைல வூட்டுக்குக் கொழா போட்றீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க, வண்டிக்கு."

அவர் வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வண்டிக்கு எதுக்குங்க தண்ணி?" என்றவர், நான் விளக்கம் சொல்லி முடித்ததும், "அப்ப டேங்க்கு எங்க வெக்கப் போறீங்க?" என்று கேட்டார். நான் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெல்டிங் கடைக்குப் போகவில்லை. நான் ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்பை வெளியிலிருந்து நிறைய பார்த்தவன், அந்த அனுபவம் போதும் என்று நினைத்தேன். கையால் சுற்றும் டிரில் ஒன்றை இரவல் வாங்கி, தொட்டிக்குள் மண்டி போட்டு, பக்கத் தகட்டின் மேல்விளிம்பு ஓரமாகச் சாக்பீஸால் குறி வைத்து ஓட்டை போட்டேன். இடது பக்கம் அழகாக முடிந்தது. பைப்பின் இரு முனையிலும் நடுவிலும் போல்ட்டு, கயிறு நுழைய இடைவெளி விட்டு அடியில் மரக்கட்டை, வெளிப்பக்கம் வாஷர். தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. கர்வம் வந்துவிட்டது. வலது பக்கம் ஓட்டை போடும்போது பலம் கூடிப்போனது. தகடு ஓட்டையானதும், எங்கிருந்தோ "உஸ்ஸ்ஸ்" என்று சத்தம்.

நம் மலையில் அட்டைதான், உப்பு வைத்தால் விழுந்துவிடும். இந்த மலையில் பாம்பு என்று வந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்லிவைத்திருந்தார்கள். நான் தொட்டியிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. செல்வமணிக்கு நினைவிருக்கிறது. நான் டிரில்லைப் பிடித்தபடியே பறந்தேனாம். சத்தம் நிற்கவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு அவள் வண்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு, "பாம்பு இல்லீங்க. ஸ்டெப்னி," என்றாள். தொட்டிக்கு வெளியே மாட்டியிருந்த உபரி டயருக்குள் டிரில் இறங்கி, டயர் தன் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.

எப்படியோ இரண்டு கம்பியும் ஏறின. அடுத்த சந்தை நாள் காலையில் நான் முந்திக்கொண்டேன். ஆட்கள் மூட்டைகளை ஏற்றிவைத்துவிட்டு வெற்றிலை போடப் போன சமயத்தில், தோட்டத்தில் கற்ற அத்தனை வித்தையையும் காட்டி, கம்பிக்குக் கம்பி குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, முடிச்சை இறுக்கினேன். பூகம்பம் வந்தாலும் ஒரு மூட்டை அசையாது. கும்பிடுவார்கள் என்று எதிர்பார்த்துத் தள்ளி நின்றேன்.

வெள்ளையன் வந்து பார்த்தார். மற்றவர்களும் வந்து பார்த்தார்கள்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்றார் வெள்ளையன்.

"கட்டியாச்சு. இனி விழாதுங்க."

"நான் சொன்னனா?"

"நீங்க சொல்லணுமா? பாதுகாப்புக்குத்தானே."

அவர் மடியிலிருந்து கத்தியை எடுத்து என் கயிற்றை அறுத்தார், மூட்டையைத் தலைக்கு ஏற்றினார், காட்டு வழியில் நடக்கத் தொடங்கினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். நான் காலி வண்டியோடு நின்றேன். கயிறு பழசு, அதனால் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆகவே அடுத்த சந்தைக்கு, நீங்களே ஊகித்திருப்பீர்கள், புதுக் கயிறு வாங்கி வந்தேன். அதைச் சுருளாகக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக வாசலில் நின்றால் மனிதர்கள் என்ன நினைப்பார்கள்? அன்று வண்டிப் பக்கமே ஒருவரும் வரவில்லை. வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செல்வமணி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இனி ஒரு சந்தை பாப்பேன். அதுக்கும் வரலைன்னா அண்ணனுக்கு எழுதிருவேன்," என்றாள். மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியை நகர்த்தித் துடைத்துவைத்தாள். ஒரு முறை ஊரைவிட்டுக் கிளம்பியது என் முடிவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் முறை யார் தலையில் போடுவது?

அந்தக் கடைசிச் சந்தை நாளில் வெயில் ஏறியும் தொட்டி காலி. அப்போது வெள்ளையனுடைய மருமகள் குப்பம்மா கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், கணியம்பாடியில் வைத்தியம் பார்க்க வேண்டும், நடந்தால் வெயிலில் தாங்காது. முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். கேட்காமல் தொட்டியில் ஏறினாள். இரண்டு கம்பியையும் தட்டிப் பார்த்தாள். இடுப்பில் சொருகியிருந்த பழைய சேலையை எடுத்து ஒரு முனையை இடது கம்பியில் கட்டினாள். மறுமுனையை வலது கம்பிக்குக் கொண்டுபோனபோதுதான் தூளி கட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பதறிப்போய்க் கை நீட்டினேன்.

"நான் கட்டுறேன் தாயி, எனக்குத் தெரியும்."

"கைய எடு," என்றாள். "எம் புள்ளய நீ எதுக்குக் கட்ற?"

"விழுந்துறக் கூடாதேன்னு."

"நான் கட்டுனா வுழுந்துடுமா?" முடிச்சைப் பல்லால் இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, தெரியாதவனுக்குச் சொல்கிற முகம். "காட்ல மரம் வெட்னவன பாரஸ்ட்டுக்காரங்க புடிச்சா, மரத்த ஜீப்புல போட்டு அவங்களே கட்டிட்டுப் போவாங்க. அப்பால அது நம்மளுது இல்ல. எங்க மாமன் மூட்டைய நீ கட்டுன. அவரு இன்னான்னு நெனைப்பாரு? நம்ம சரக்குன்னா நாம கட்டணும், நாம கூட போவணும்."

நான் வண்டியை எடுத்தேன். அன்று நான் முடிச்சுப் போட்டது அவர்கள் கண்ணில் பாதுகாப்புக்கு அல்ல, பறிமுதலுக்கு என்று தெரிந்ததும் ஸ்டியரிங் கையில் வழுக்கியது. வளைவு வந்தது. அதே வளைவு. மாட்டு வண்டி வேகத்துக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. தூளி இரண்டுக்கும் நடுவில் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தை தூங்கிப்போனது. நான்தான் விழித்திருந்தேன்.

காட்டு வழி ரோட்டில் வந்து சேரும் இடத்தில் வெள்ளையன் மூட்டையோடு நின்றிருந்தார். கை காட்டினார். தூளியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், கம்பியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். மூட்டையை ஏற்றி, தன் சொந்தக் கயிற்றால் கம்பியோடு கட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டி முடித்துவிட்டு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தார்.

"கட்டிட்டுமா மேல ஒக்காருவீங்க?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"கட்டுனது மூட்டைக்கு. ஒக்கார்றது எனக்கு. ஓட்டு, சிலோன்காரரே."

காய்ச்சல் இறங்கி குழந்தை திரும்பியது. அதற்கடுத்த சந்தையன்று நான் நுரை வாயோடு வெளியே வந்தபோது, கம்பி முழுக்க ஆளுக்கொரு விதமான கயிறு: கத்தாழை நார், கிழிந்த வேட்டி, மாட்டுத் தும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முடிச்சு, எதுவும் எனக்கு அவிழ்க்கத் தெரியாது. "இன்னும் கெளம்பலியா?" என்றார்கள். வண்டி என்னுடையதுதானா என்ற சந்தேகம் திரும்ப வந்தது. இந்த முறை நம்பரைப் போய்ப் பார்க்கவில்லை.

சந்தை முடிந்து வீட்டுக்கு வந்தபோது செல்வமணி அண்ணனுக்கு எழுதியிருக்கவில்லை. டிரங்குப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இலங்கையைவிட்டு வந்த அன்று, தலைமன்னார் துறையில் யூனிபாரம் போட்ட ஒருவர் எங்கள் பெட்டியைச் சோதித்துவிட்டு, எங்களைக் கேட்காமல் அவரே கயிறு சுற்றி முடிச்சுப் போட்டு, கப்பலுக்குத் தள்ளிவிட்டார். அந்த முடிச்சை நாங்கள் அவிழ்த்ததே இல்லை. கயிற்றைப் பக்கவாட்டில் நழுவவிட்டுப் பெட்டியைத் திறப்போம், மூடியதும் திரும்ப மாட்டிவிடுவோம். குப்பம்மா சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தேன். அது அவளுக்குள் எங்கேயோ போய் வேலை செய்திருக்க வேண்டும்.

"இத அவுத்துட்டு நாமளே கட்டிரலாமாங்க?" என்றாள்.

"அப்ப இருக்கப் போறோமா?"

"கட்டுறதுன்னா போறதுக்கும் கட்டலாம். மொதல்ல அவுருங்க."

நகத்தால் பார்த்தேன், ஆணியால் பார்த்தேன். கடல் ஈரம் பட்டுக் காய்ந்த முடிச்சு, கல் மாதிரி இருந்தது. வெள்ளையனுடைய கத்தி ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள், "அறுக்க வேணாங்க," என்று முந்திக்கொண்டாள். கடைசியில் அவள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்தேன், கால்களைப் பெட்டியில் உதைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகியது.