ஒரே நாளில் பிறந்தவர்கள்

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பதினான்கு நிறைந்துவிட்டது என்று நான் சான்று எழுதிக் கொடுத்தேன். அவள் பிறந்த தேதி எனக்குத் தெரியாது. அவளுடைய தாய்க்கும் தெரியாது. அந்த இடத்தில் என் மகளின் பிறந்த நாளை எழுதினேன். சிவகாசிப் பக்கம் ஒரு சிற்றூரில் வாழ்நாளெல்லாம் மருத்துவம் பார்த்தவன் நான். கை தவறிய சிகிச்சைகளும் உண்டு. அவற்றில் பல மறந்துவிட்டன. அந்தச் சிறுமி வாயைத் திறந்து நிற்க, என் டார்ச் வெளிச்சம் அவளுடைய ஈறின் மேல் விழுந்த அந்தக் கணம் மட்டும் மறக்கவில்லை.

அன்று செப்டம்பர் மூன்றாம் தேதி. பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்று அதிகாரிகள் கெடுபிடி செய்துகொண்டிருந்த காலம். தீப்பெட்டி கம்பெனி ஒன்றின் கணக்குப்பிள்ளை ஒரு வேன் நிறையப் பெண் பிள்ளைகளையும் அவர்களின் தாய்மார்களையும் என் மருத்துவமனையில் கொண்டுவந்து இறக்கினார். பல்லைப் பார்த்து வயது சொல்ல வேண்டும். தாய்மார்களில் பலர், "கூடப் போட்டு எழுதுங்கய்யா, வீட்டுல அடுப்பெரியல" என்று கெஞ்சினார்கள். ஒருத்தி மட்டும் கெஞ்சவில்லை. கணவனை இழந்தவள். நான்கு பிள்ளைகளைப் பெற்று இரண்டைப் பறிகொடுத்ததில் எது எந்த வருடம் என்ற கணக்கே அவளிடம் இல்லை. "இவளுக்கு வேலைக்குப் போற வயசு வந்திருச்சான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கய்யா. வரலைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றாள்.

இரண்டாவது கடைவாய்ப் பல் பொதுவாகப் பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் முளைக்கும். அவள் கூட்டிவந்திருந்த அந்தச் சிறுமிக்கு அந்த இடத்தில் ஈறுகூடத் தடிக்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பதினாலு முடிஞ்சிருச்சு" என்றேன். என் வீட்டில் மகளின் பிறந்த நாளுக்குக் கேக் காத்திருந்தது. மனைவி தொலைபேசியில் கடிந்துகொண்டிருந்தாள். வரிசை இன்னும் முடியவில்லை. கணக்குப்பிள்ளை, "வயசு மட்டும் போதாதுங்கய்யா, தேதியும் ஒண்ணு போட்டுருங்க" என்றார். எல்லாருக்கும் செப்டம்பர் மூன்று என்றே எழுதித் தள்ளினேன். வருடத்தை மட்டும் ஆளுக்கேற்ப மாற்றினேன். இதற்காக நான் காசு வாங்கவில்லை. அதை நெடுநாள் எனக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. காசு வாங்கியிருந்தால் ஒருவேளை கொஞ்சம் கவனமாகவாவது பார்த்திருப்பேன். வாசலில் அந்தத் தாய் யாரிடமோ வியந்து சொன்னது என் காதில் விழுந்தது. "பல்லப் பாத்தே பொறந்த நாளச் சொல்லிட்டாரே, மகராசன்!"

அந்தச் சிறுமி தீக்குச்சி அடுக்கியபடியே வளர்ந்தாள். விடியும் முன் வரும் கம்பெனி வண்டியில் போய், இருட்டிய பிறகு திரும்பி, அதற்கு மேல் படித்தாள். பள்ளிக்கூடம் போகாதவளுக்கு என் சான்றில் இருந்த தேதியே எல்லாத் தாளிலும் ஏறியது. தனியாகத் தேர்வெழுதித் தேறி, இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு செல்போன் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் வேலை. அவளுடைய தெரு அவளுக்கு மெட்ராஸ்காரி என்று பெயர் வைத்தது. நானும் அப்படியே சொல்கிறேன்.

ஊருக்கு வரும்போதெல்லாம் தாயின் மூட்டுவலிக்கு மருந்து வாங்க என்னிடம் வருவாள். கை நிறையப் பட்டணத்துப் புதுமைகள் இருக்கும். சூடான காப்பியை ஊற்றினால் நடிகரின் முகம் தெரியும் கோப்பை, இருட்டில் மினுங்கும் வளையல், பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட சினிமா பாட்டுப் புத்தகம், அந்த வாரம்தான் வந்த பாட்டை அழைப்பொலியாக வைத்த செல்போன். எந்த நடிகருக்கு எப்போது பிறந்த நாள், எந்தக் கிரிக்கெட்காரருக்கு எப்போது என்று ஒப்பிப்பாள். தன்னோடு வேலை செய்யும் ஒருவருடைய பிறந்த நாளையும் விடமாட்டாள். மெழுகுவத்தியும் தொப்பியும் அவள் பையிலேயே இருக்குமாம். எண் கணிதத்தில் பெரிய நம்பிக்கை. மூன்றாம் தேதிக்காரி என்பதால் மஞ்சள் சுடிதார். கூட்டினால் மூன்று வரும்படி தேடி வாங்கிய செல்போன் எண். என் மகளும் அதே நாளில் பிறந்தவள் என்று தெரிந்ததிலிருந்து, அமெரிக்காவில் இருக்கும் அவளுக்கு முதல் வாழ்த்து மெட்ராஸ்காரியிடமிருந்துதான் போகும். "அக்காவும் நானும் ட்வின்ஸ் மாதிரிங்கய்யா" என்பாள். நான் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொள்வேன். எதையும் கேட்காமல் இருக்க மருத்துவனுக்கு அப்படியொரு வசதி.

ஓர் ஆகஸ்டு மாதக் கடைசியில் தாயையும் அழைத்துக்கொண்டு வந்தாள். தாயைச் சுவரோரம் முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, நிற்கக்கூடப் பொறுமையில்லாமல் பேசினாள்.

"அய்யா, ஒரு செம விசயம்! எங்ககூடத் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்த புள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டுப் பொறந்த நாள் கேட்டேன். எல்லாத்துக்கும் செப்டம்பர் மூணு! எம். புதுப்பட்டியில கட்டிக்குடுத்தவளுக்கும் அதே, வெம்பக்கோட்டைக்காரிக்கும் அதே!"

சென்னையில் ஒரு பண்பலை வானொலியில் பிறந்த நாள் நிகழ்ச்சி உண்டாம். இதைச் சொன்னதும் அவர்கள் இவளையே அன்றைய விருந்தாளியாக அழைத்துவிட்டார்களாம். தோழிகளைத் தொலைபேசியில் பேசவைப்பார்களாம்.

"நீங்களும் பேசணும்யா. நீங்கதான் ஹீரோ. பல்லப் பாத்தே தேதியச் சொன்ன டாக்டர்னு சொன்னா, ரேடியோவுல அத நடத்துற ஆளு நம்பவே மாட்டேங்காரு. அப்படிச் சிரிக்காரு."

"இவ பீத்தல் தாங்க முடியலய்யா" என்றாள் தாய், பெருமை தாங்காமல். "அங்கன ரேடியோவுல பேசப்போறாளாம். இங்கன வீட்டுல ஒரு வாய் கஞ்சி குடிக்கச் சொன்னா நேரமில்லையாம்."

அந்த ஆள் ஏன் சிரிக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நிகழ்ச்சி நடக்கும்போது அவன் ஒரு கேள்வி கேட்பான்; பட்டணமே கேட்டுச் சிரிக்கும். இவளுக்கு உண்மை தெரியவரும் இடம் அதுவாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. இப்படி எழுதும்போது நான் நல்லவனாகத் தெரிகிறேன். அது முழு உண்மையல்ல. எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அந்த மஞ்சள் சுடிதாரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. இறக்கிவைத்தால் போதும் என்றிருந்தது.

"ரேடியோவுக்குப் போகாதம்மா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பல்லில் தேதி தெரியாது என்றேன். அது என் மகளின் பிறந்த நாள் என்றேன். "அன்னைக்கு ஒனக்குப் பதினொண்ணுதான் இருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதுனேன்."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்ப எனக்கு இருபத்தஞ்சு இல்லையா? இருபத்திரெண்டுதானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மூணு வருசம் லாபம்! இன்னும் கல்யாணமாகலயான்னு கேக்குற தெருவுல போய் இதச் சொல்லணும்." அவள் கண்கள் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு என்னை மன்னித்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். என் நெஞ்சு லேசானது. வெட்கமில்லாமல் லேசானது.

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "பதினோரு வயசுலயா நான் இவள அனுப்புனேன்?"

அந்தத் தாய் அங்கே இருப்பதையே நான் மறந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. "நான் கேட்டேனே. வயசு வரலைன்னா கூட்டிட்டுப் போயிருதேன்னு சொன்னேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் அவளைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிப்போனாள். மருந்துச் சீட்டு என் மேசையிலேயே கிடந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து மெட்ராஸ்காரி தனியாக வந்தாள். அன்று சென்னைக்குப் புறப்படுகிறாள். வானொலிக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நான் யோசித்து வைத்திருந்தேன். என் தவறை எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன், வழக்கறிஞர் வைத்து வயதைத் திருத்திக்கொள்ளலாம், எங்கு அழைத்தாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்யா. எங்கம்மா சாப்பிட மாட்டேங்கு. என் விரலப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கு. கந்தகம் சுட்ட தழும்பு இருக்குல்ல, அதப் பாத்து அழுவுது." பையைத் தோளில் மாட்டியபடி சொன்னாள். "நீங்க வீட்டுக்கு வந்து, கணக்குத் தப்பாச் சொல்லிட்டேன், அன்னைக்கு இவளுக்குப் பதினாலுதான்னு சொல்லிருங்க. அது போதும்."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"புதுசாவா சொல்லப் போறீக?" என்றாள். அவள் என்னிடம் கடுமையாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

போனேன். ஓட்டு வீட்டின் உள்ளே அந்தத் தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கய்யா, உக்காருங்க" என்றாளே தவிர, முறத்தைக் கீழே வைக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். வயதானதில் நினைவு குழம்பிவிட்டது, வேறொரு பிள்ளையை நினைத்துச் சொல்லிவிட்டேன், உன் மகளுக்கு அன்று பதினான்கு நிறைந்திருந்தது, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. என் குரல் தடுமாறவில்லை. நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரல். மகள் கதவோரம் நின்று தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறம் கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீக. முந்தாநாத்து ஒண்ணு சொன்னீக. இன்னைக்கு ஒண்ணு சொல்லுதீக" என்றாள் தாய். "நான் படிக்காதவ. மூணுல எத நம்பணும்னு அதையும் நீங்களே சொல்லிருங்கய்யா."

மகள் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முறத்தை வாங்கி அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். அதன் பிறகு அந்தத் தாய் மூட்டுவலிக்குச் சாத்தூருக்குப் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன். பேருந்தில் ஏறி இறங்க அவள் படும் பாடு எனக்குத் தெரியும். மெட்ராஸ்காரியும் பிறகு வரவில்லை. அடுத்த செப்டம்பரில் என் மகள் அமெரிக்காவிலிருந்து பேசும்போது, "அந்தப் பொண்ணு ஏம்ப்பா இந்த வருசம் வாழ்த்து அனுப்பல? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். வேலை அதிகமாக இருக்கும் என்று சொன்னேன்.