ஞானரத்தினம் இழுத்த மூச்சு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியும் மாஸ்க்கும் தயாரிக்கும் ஞானரத்தினம், காலையில் தன் அறையின் மேற்கு ஜன்னலைத் திறந்து மூக்கு விடைக்கக் காற்றை இழுப்பார். "அய்யனார் கோவில் மலைக்காத்து. இங்கிலீஷ் மருந்தெல்லாம் இதுக்குப் பொறவுதான்."

பெண்கள் துணி மடிக்கும் பக்கத்துக் கூடத்தில் ஜன்னல்களுக்கு ஆணி அடித்திருந்தார். காற்று வந்தால் துணி பறக்குமாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சபைக் கூட்டமொன்றில் ஒரு டாக்டர், நோய்க்கிருமி காற்றில் மிதந்து பரவுவதைப் பற்றிப் பேசினார். அன்றிலிருந்து ஞானரத்தினம் விஞ்ஞானி. அடைத்த கூடத்தில் நின்று தினமும் பாடம் எடுப்பார். "ஒருத்தி இருமுனா அம்புட்டுப் பேருக்கும் போயிரும்." சொல்லிவிட்டு அவரே இருமுவார். பங்குனியில் பிடித்த இருமல் ஆடியிலும் விடவில்லை. அதை ஏசி சளி என்றார். சட்டை தொளதொளத்ததை நடைப்பயிற்சியின் பலன் என்றார்.

ஒருநாள் பாண்டிசெல்வி இருமினாள்.

"பஞ்சுத்தூசி மொதலாளி, நெஞ்ச அடைக்கி."

"ஏட்டி, நீ வீட்டுக்குப் போ. கம்பெனியவே படுக்க வச்சிருவ."

அவள் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைச் சோதித்தாள். நோய் ஒன்றுமில்லை. ஆனால் அடைத்த கூடத்தில் மாதக்கணக்காகக் கேட்கும் இருமலைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டு, சுகாதாரப் பணியாளர் ஜெனிலா எல்லாரையும் சோதிக்கக் கம்பெனிக்கே வந்துவிட்டாள். "மொதல்ல நாந்தான்" என்று முதலாளி முன்னால் நின்று வழிகாட்டினார்.

முடிவு வந்தபோது இரண்டு பேருக்குக் காசநோய். ஒருத்தி, முன்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்ட அழகுத்தாய். இன்னொருவர், பாடம் எடுத்தவர்.

"நம்ம வீட்டு ஆளுகளுக்கு இதெல்லாம் வராதேம்மா" என்றார்.

"ஒங்க ரூம்ல இருமியிருந்தா ஜன்னல் வழியாப் போயிருக்கும் சார். பூட்டுன கூடத்துல வந்துல்லா இருமியிருக்கீங்க" என்றாள் ஜெனிலா.

அழகுத்தாய் தன் கைக்குழந்தையையும் சோதிக்க வேண்டுமா என்று கேட்டாள். ஜெனிலா ஆமாம் என்றதும் ஞானரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றே ஆணிகளைப் பிடுங்கினார்கள். பாண்டிசெல்வியைத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பினார். வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லியனுப்பினாள்.

மருந்து வேலை செய்யும் வரை மாஸ்க் போடச் சொன்னாள் ஜெனிலா. மேனேஜர் குருசாமி ஓடிப்போய்க் கம்பெனிச் சரக்கிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்தார். ஞானரத்தினம் அதை இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் நின்ற குருசாமியின் மீசை முடி முடியாகத் தெரிந்தது.

"இது விக்கிறதுக்கு" என்று அதை மேசையில் வைத்துவிட்டு, ஜெனிலாவின் பையிலிருந்த மாஸ்க்கைப் பார்த்துக் கையை நீட்டினார்.