தரையில் சாய்ந்திருந்த கண்ணாடி

சாமுண்டீஸ்வரி தன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டிய கண்ணாடி கீழே சாய்ந்து நின்றது. நின்றபடி பார்த்தால் புடவைக் கரையும் இரண்டு பாதங்களும்தான் தெரியும். விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அவள் உட்கார்ந்து, பொட்டு வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துதான் போவாள். புத்தியுள்ள பெண் செய்கிற காரியமா இது? ஆனால் அவளிடம் அதை யாரும் கேட்டுவிட முடியாது. கேட்டால் அன்றைக்கு அவள் கூடையிலிருந்து மீன் கிடைக்காது.

கண்ணாடியை வாங்கி வந்தவன் அவள் புருஷன் குமரவேல். தாய்மாமன் மகன், கட்டிக்கொண்ட பிறகும் அவளுக்கு அவன் மாமாதான். மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் பராமரிப்பு வேலை. போன முறை லீவில் வந்தபோது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேக்குச் சட்டம் போட்ட அந்தக் கண்ணாடியைப் பேரம் பேசி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கோவளம் வரைக்கும் வந்தான். மாட்டலாம் என்று ட்ரில் மிஷினை எடுத்த நேரம் கரண்ட் போனது. மறுநாள் விமானம். “நீ இதுல கை வெக்காத சாமு, நான் வந்து மாட்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டில் அவள் தொடாத வேலை அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் அவள் கைபட்டதுதான். கடலை ஒட்டின வீடு. உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா. இன்றைக்குத் தாழ்ப்பாள், நாளைக்குக் குழாய், அடுத்த வாரம் ஃப்ளஷ் டேங்க் என்று எதையாவது தின்றுகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை குமரவேலுக்கு விடுமுறை. வீடியோவில் வருவான். அவள் போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஸ்பானரோடு உட்காருவாள். குழாயில் கை வைக்குமுன் மாடித் தொட்டியின் வால்வை மூடு என்பான். ஒழுகாமலிருக்கச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை மரை ஓடுகிற திசையிலேயே சுற்று, எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது பிரிந்து வந்துவிடும் என்பான். திருகு வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போ, சப்பென்று ஒட்டினால் வாங்காதே, ஒட்டாத, துருவேறாத எஸ்.எஸ். திருகுதான் நம்ம ஊர்க் காற்றுக்குத் தாங்கும் என்பான். ஒழுகுகிற குழாய்க்குப் புதுக் குழாய் வாங்காதே, உள்ளே திறந்து மூடுகிற ஸ்பிண்டிலை மட்டும் மாற்று என்பதும் அவன் சொன்னதுதான்.

பாதி விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ள மாட்டாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஆரம்பித்தால் அவனுக்கு இரண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். குழாயைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் இருப்பான். சில வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் எதுவும் கெட்டுப்போகாமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கேளம்பாக்கத்தில் லாசரஸ் என்பவர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். வாஷரும் பைப்பு ஒட்டுகிற சொல்யூஷனும் அவரிடம்தான் வாங்குவாள். கண்ணாடிக் கதை அவருக்கும் தெரிந்துபோனது. ஒரு ஆளை அனுப்புகிறேன், இரண்டு ஓட்டை, பத்து நிமிஷ வேலை, காசு கூட வேண்டாம், நல்ல வஞ்சிரம் வந்தால் எடுத்து வையுங்கள் என்றார். தரை ஈரம் ஏறிக் கண்ணாடிக்குப் பின்னால் பூசின ரசம் போய்விடும் என்று பயமும் காட்டினார். அவர் சொன்னது சரிதான். கண்ணாடியின் அடி விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. பழைய சாக்கை மடித்து அடியில் கொடுத்தாளே தவிர, ஆளை மட்டும் வரவிடவில்லை. அந்த ஓட்டையை வேறொருத்தன் போட்டால் மாமா வருவதற்கு ஒரு காரணம் குறைந்துபோகும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அசட்டு எண்ணம்தான். தனியாக இருக்கிறவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

வருகிற தை மாதம் ஒரேயடியாக வந்துவிடுவதாக அவன் சொல்லியிருந்தான். பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அடுக்குமாடி வீடுகள் முளைக்கின்றன. குழாய் வேலை, கரண்ட் வேலை தெரிந்தவனுக்கு இங்கேயே பிழைப்பு இருக்கிறது என்பது அவன் கணக்கு. அவள் மார்கழியிலேயே வீட்டுக்கு வெள்ளையடித்தாள். தாம்பரத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற மகள் வினிதாவிடம், அப்பா வரும்போது நாலு நாள் லீவு சொல்லிவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

மார்கழி முடிவில் ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. அவள் அடுப்படிக் குழாயைப் பற்றி ஆரம்பிக்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

“சாமு, மேல அட்டப் பொட்டியில ட்ரில் மிஷின் கீது பாரு. எட்த்துக்கினு வா.”

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எடுக்கப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“நீ வர்ல இல்ல?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துவிட்டார்கள், வினிதா படிப்பு முடியட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று தரையைப் பார்த்தே சொல்லி முடித்தான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. போட்டு உடைக்கலாமா என்று போனைப் பார்த்தாள். அதற்குள் இருந்த அவன் முகம் இளைத்திருந்தது, காதோரம் நரைத்திருந்தது. அவளுக்கு அவன் வேண்டும். பணமோ வீடோ இல்லை, பக்கத்தில் அவன் வேண்டும். அதைச் சொன்னால் அவன் அங்கே ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடப்பான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ட்ரில் மிஷினை இறக்கினாள்.

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே ஓட்டை போடாதே, உள்ளே ஒயர் போகும். மிஷின் வாயில் சுவருக்கு உண்டான முனை தடித்த பிட்டை மாட்டு. திருகு பிடிக்க ஓட்டைக்குள் இறக்குகிற பிளாஸ்டிக் பிளக்கின் நீளத்தைப் பிட்டில் அளந்து அங்கே டேப் ஒட்டு, அதற்கு மேல் உள்ளே போகாதே. முதலில் மெதுவாகச் சுற்ற விட்டுக் குழி பிடித்துக்கொள், பிறகு மிஷினில் இருக்கிற குமிழைச் சுத்தியல் படம் போட்ட பக்கம் திருப்பு. நேரே நில், மிஷினை உடம்போடு அணைத்துப் பிடி. கடைசியாக, சுவரில் பென்சில் கோடு ஒன்று இருக்கும், போன தடவை நின்று பார்த்து நான் போட்டது, அதன் மேலேயே வை என்றான்.

கோடு இருந்தது. வெள்ளையடித்தபோது அதை மட்டும் விட்டு அடித்திருந்தாள். அவன் நெற்றிக்கு நேரான கோடு. அவள் தலைக்கு மேலே ஒரு சாண். அண்ணாந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து அதற்கு நன்றாகக் கீழே ரசமட்டம் வைத்து இரண்டு புள்ளி போட்டாள்.

மிஷின் அலறியது. முதலில் சாம்பல் நிறத்தில் பூச்சுத் தூள் கொட்டியது, பிறகு செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. பிட் வழுக்கவில்லை. குழியை ஊதி, பிளக்கைத் தட்டி இறக்கி, திருகை முடுக்கி, கண்ணாடியைத் தூக்கி மாட்டினாள். நின்றபடியே தன் முகத்தைப் பார்த்தாள். தலையில் தூள், கன்னத்தில் கண்ணீர் ஓடின கோடு. எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் போனில் சுவரைக் காட்டச் சொன்னான். காட்டினாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்றான். பிறகு உற்றுப் பார்த்தான்.

“கோடு மேல கீதே, இவ்ளோ கீழ மாட்டிகீற?”

“டெய்லி பாக்கறவ நான்தான மாமா. நீ வரும்போது குனிஞ்சு பாத்துக்கோ.”