மஞ்சள் கடுதாசிக்கு ஆன செலவு

கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போய்ச் சொல்வதற்கும் காசு வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மஞ்சள் கடுதாசி கொடுத்தால் மொத்தமாகத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன்.

பைனான்ஸ்காரர்களின் ஆள் காலையிலேயே வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துவிடுவான், எங்கள் வீட்டு நாற்காலியையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு. படகுக்கு இஞ்சின் வாங்கிய கடன் அது. இஞ்சின் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வலைக்காக இறால் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் வேறு. இது போக, என் வீட்டுக்காரரின் அக்கா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அடகு வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதுவும் ஏலத்தில் போய்விட்டது. நாத்தனார் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

ஒரு நாள் அந்த ஆள் காலேஜுக்குக் கிளம்பிய என் மகளைப் பார்த்து, "நீ எங்கனா வேலைக்குப் போனா நைனா கடன் அடையும்ல?" என்றான். மறுநாளே நானும் வீட்டுக்காரரும் வக்கீலைப் பார்க்கப் பொன்னேரிக்கு பஸ் ஏறினோம்.

வக்கீல் நல்ல மனிதர்தான். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் செலவைச் சொன்னார். அவர் ஃபீஸ், கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்பும் செலவு, பேப்பரில் விளம்பரம்.

"அவ்ளோ துட்டு இருந்தா நான் இன்னாத்துக்கு சார் இங்க வரேன்?" என்றார் என் வீட்டுக்காரர். வக்கீல் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூக்குத்தியை விற்றேன். மீதிக்கு இறால் உரிக்கப் போனேன். ஐஸில் கிடந்த இறாலை உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெந்துபோனது. போண்டியாவதற்காக ஓவர்டைம் பார்த்த பொம்பளை இந்த ஏரிக்கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பணம் சேர்ந்ததும் வக்கீல் கடன்காரர்களின் பெயர்களைக் கேட்டார். அக்கா பெயர் வந்தபோது வீட்டுக்காரர் தயங்கினார். "அவங்க கேக்கவே மாட்டாங்க சார்."

"கேக்கலைன்னாலும் கடன் கடன்தான். ஒருத்தர் பேரை மறைச்சாலும் மனு நிக்காது."

"எழுதிக்கோங்க சார்" என்று நான்தான் சொன்னேன். பெயருக்கு ஒரு காகிதம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். நோட்டீஸ் வருவதற்குள் அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். தபால் முந்திக்கொண்டது.

ஏரியில் எங்கள் ஊருக்கென்று இறால் விழும் இடங்கள் உண்டு. யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று ஊரே சீட்டுப் போட்டு முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பேர். பாடு இல்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும். ஊருக்குள் ஒருத்தரை ஒருத்தர் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது, இழுத்தால் பாடு நிறுத்தம் என்பதும் ஊரின் பழைய கட்டுப்பாடு. அது சண்டைக்காரர்களுக்குத்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

நோட்டீஸ் விஷயம் தெரிந்து ஊர்க்கூட்டம் போட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அங்கே பெண்கள் உட்கார முடியாது. கோயில் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"கோர்ட்டு பேப்பர்ல எதிர்மனுதாரர்னு உங்க அக்கா பேரு போட்டுருக்குதா இல்லியா?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"அது சண்ட கேஸு இல்ல மாமா. எங்ககிட்ட ஒண்ணும் இல்லனு சொல்ற பேப்பரு."

"நம்பரு போட்டு வந்துகீது. அப்புறம் கேஸு இல்லாம இன்னா?"

மனுவை வாபஸ் வாங்கும்வரை பாடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

"என் தம்பிகிட்ட துட்டு இல்லனு எனக்குத் தெரியாதா? அத கோர்ட்டு வந்து சொல்லணுமா எனக்கு?"

சட்டம் அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவள் சங்கிலி ஏலத்தில் போனபோது வராத அழுகை எனக்கு அன்றைக்கு வந்தது.

பாடு இல்லாமல் கூலிப் பணத்தில் மகளின் படிப்பு ஓடாது. மனுவை வாபஸ் வாங்கினோம். அதற்கும் வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, ஊருக்கு அபராதமும் கட்ட வேண்டியிருந்தது. இரண்டையும் இறால் வியாபாரியே கொடுத்துக் கணக்கில் ஏற்றிக்கொண்டார். ஏதும் இல்லை என்று சொல்லப் போய், முன்பு இருந்ததைவிடக் கடன் கூடித்தான் திரும்பினோம்.

எங்கள் முறை வந்தது. அன்றைக்கு நல்ல இறால். வியாபாரி எடை போட்டு, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை என் கையில் கொடுத்தார். பின்னாலேயே பைனான்ஸ் ஆள் நின்றான். வீட்டுக்கு அரிசி வாங்க மட்டும் கொஞ்சம் விடச் சொன்னேன். அவன் கையை நீட்டினான்.

பணத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அன்றைக்கு அவன் கையில் கொடுக்க மனசு வரவில்லை. ஈர மணலில் வைத்தேன். அவன் கோபப்படவில்லை. குனிந்து எடுத்து, ஒவ்வொரு நோட்டாகச் சட்டையில் துடைத்து, பையில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த பாடு எப்பக்கா?" என்று கேட்டான்.